சிறிய இணையக் கடையைச் சீர்படுத்துவது எப்படி? காவிரி டெல்டா கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, கும்பகோணம் பித்தளைப் பாத்திரம், திருபுவனம் பட்டு, தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, திருத்துறைப்பூண்டி பக்கத்துப் பாரம்பரிய அரிசி என்று விற்பவர்கள் சொந்தமாக இணையக் கடை திறந்த பிறகு கேட்கும் கேள்விகள் இவை. கடை ஏற்கெனவே ஓடுகிறது, பத்திலிருந்து இருநூறு பொருள் வரை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறோம். மென்பொருள் பற்றி வரும் இடங்களில் தளம் நடத்தும் வேர்ட்பிரஸ்ஸும் அதன்மேல் ஓடும் கடை மென்பொருளான வூகாமர்ஸும்தான் கணக்கு. ஷாப்பிஃபை போன்றவற்றில் கடை வைத்திருப்பவர்களுக்கும் படம், பார்சல், வரி, முகவரி பற்றிய பதில்கள் பொருந்தும்.

கடை திறந்து ஆறு மாதம் ஆகிறது. பார்க்க வருகிறார்கள், வாங்குவதில்லை. புதுத் தீம் (கடையின் தோற்ற வடிவம்) போட்டால் சரியாகுமா?

பெரும்பாலும் சரியாகாது. வாசற்படியில் கால் இடறுகிறது என்றால் சுவருக்குப் பெயின்ட் அடித்துப் பயனில்லை. முதலில் எங்கே இடறுகிறது என்று பாருங்கள். உங்கள் கடையை இதுவரை பார்க்காத மூன்று பேரை, ஒவ்வொருவராக, அவரவர் போனிலேயே ஒரு பொருளை வாங்கச் சொல்லுங்கள். அதில் ஒருவராவது ஐம்பது வயதைத் தாண்டியவராக இருக்கட்டும். பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் வாய் திறக்காதீர்கள். விரல் எங்கே நிற்கிறது, எங்கிருந்து பின்னால் போகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அனேகமாக இப்படித்தான் வரும்: விளக்கு எத்தனை அங்குலம் என்று தெரியாமல் ஒருவர் நிற்பார். டெலிவரி செலவு கடைசிப் பக்கத்தில்தான் தெரிகிறது என்று ஒருவர் மூடிவிடுவார். கணக்குத் தொடங்கிக் கடவுச்சொல் கொடுக்கச் சொன்னதும் இன்னொருவர் போனைக் கீழே வைப்பார். 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்று சிவப்பில் வந்தால் என்ன எழுதுவது என்று தெரியாமல் விழிப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். இவை ஒவ்வொன்றும் அரை நாள் வேலைதான். தீம் மாற்றுவது மூன்று வார வேலை, புதுத் தவறுகளும் கூடவே வரும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். பொருள் பக்கம் பார்த்தவர்கள், கூடையில் போட்டவர்கள், செக்அவுட் (முகவரி கொடுத்துப் பணம் கட்டும் பக்கம்) திறந்தவர்கள், பணம் கட்டியவர்கள் என்ற நான்கு எண்களை நோட்டில் எழுதி வந்தால் போதும். வாரத்துக்கு முந்நூறு பேர் வரும் கடையில் ஒரே பக்கத்தை இரண்டு விதமாகக் காட்டி ஒப்பிடும் சோதனையெல்லாம் வேண்டாம். அந்த எண்ணிக்கையில் வரும் வித்தியாசம் தற்செயலாகவே இருக்கும்.

பித்தளை விளக்கைப் படம் எடுத்தால் நானும் ஜன்னலும் போனும் அதில் தெரிகிறோம். என்ன செய்வது?

பித்தளை ஒரு கண்ணாடி. எதிரே இருப்பதையெல்லாம் காட்டும். அதனால் எதிரே வெள்ளையை மட்டும் வையுங்கள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, நேர்வெயில் விழாத ஜன்னலுக்குப் பக்கத்தில் விளக்கை வைத்து, ஜன்னலுக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு வெள்ளை நாலு முழ வேட்டியைக் கொடியில் தொங்கவிடுங்கள். வெளிச்சம் மெத்தென்று விழும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மகோல் தகடு. போனை இன்னொரு வெள்ளைச் சார்ட்டில் ஓட்டை போட்டு அதன் வழியே பிடித்தால் உங்கள் உருவம் விளக்கில் விழாது. ஃபிளாஷ் கூடாது, அறையின் டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சமும் குழல் வெளிச்சமும் கலந்தால் பித்தளை ஒரு பக்கம் பச்சையாகத் தெரியும்.

ஒரு விளக்குக்கு ஐந்து படம் போதும்: முழு உருவம், மேலே உள்ள அன்னம், எண்ணெய்த் தட்டு மேலிருந்து, அடிப்பாதத்தின் கீழ்ப்பக்கம், ஒருவர் கையில் பிடித்திருப்பது. கடைசிப் படத்தை விட்டுவிடாதீர்கள். 12 அங்குலம் என்று எழுதினாலும் கையைப் பக்கத்தில் பார்த்தால்தான் அளவு மனதில் பதிகிறது. 'இவ்வளவு சின்னதா' என்று திருப்பி அனுப்புவது இதனால் குறையும்.

தலையாட்டி பொம்மைக்குப் படத்தைவிட வீடியோ முக்கியம். தலையும் இடுப்பும் தனித்தனியாக ஆடுவதுதான் அந்தப் பொம்மையின் உயிர். ஒலி இல்லாமல் 15 விநாடி போதும், தானாக ஓட விடாமல் தொட்டால் ஓடும்படி வையுங்கள்.

கடை திறக்கவே நேரம் ஆகிறது. நல்ல ஹோஸ்டிங் (கடை இருக்கும் வாடகை சர்வர்) வாங்க வேண்டுமா?

முதலில் படங்களை எடை போடுங்கள். போனில் எடுத்த ஒரு படம் 4 எம்பிக்கு மேல் போகும். முகப்பில் அப்படி எட்டுப் படம் இருந்தால் வேதாரண்யம் பக்கம் சிக்னல் குறைந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கம் வந்து சேராது. ஏற்றுவதற்கு முன் அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவில் தரம் 75 முதல் 80 வரை வைத்துச் சேமியுங்கள். பெரும்பாலான படங்கள் 150 கேபிக்குள் அடங்கும். பட்டின் ஜரிகை நுணுக்கம் தெரிய வேண்டிய ஒரு படத்துக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

அடுத்தது முகப்பில் படங்கள் மாறி மாறி ஓடும் ஸ்லைடர். அதை எடுத்துவிட்டு அசையாத ஒரே படத்தை வையுங்கள். முதலில் தெரியும் படத்துக்கு, பிறகு ஏற்றும் 'லேஸி லோட்' அமைப்பு வேண்டாம், கீழே உள்ளவற்றுக்கு இருக்கட்டும். பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. விலை குறைந்த போன் ஒன்றை வாங்கி மேசையில் வைத்து, வைஃபை அணைத்து அதில் பாருங்கள்.

பக்கங்களின் நகலைச் சேமித்து வேகமாகக் காட்டும் கேஷ் (cache) ப்ளகின், அதாவது துணை மென்பொருள், போட்டிருந்தால் கூடை, செக்அவுட், என் கணக்கு ஆகிய மூன்று பக்கங்களையும் அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறீர்களா என்று உடனே பாருங்கள். விலக்காவிட்டால் ஒருவருடைய கூடை அடுத்தவருக்குத் தெரியும், முகவரியும் தெரியலாம். இதற்குப் பிறகும் மெதுவாக இருந்தால் ஹோஸ்டிங்கைப் பற்றி யோசியுங்கள்.

தமிழ் எழுத்து சில போன்களில் உடைந்தும் பிய்ந்தும் தெரிகிறது.

மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, டிடிபி கடையில் நோட்டீஸுக்கு அடித்த வாசகத்தை அப்படியே ஒட்டியிருப்பீர்கள். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் இணையத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகத்தான் வரும். எல்லாப் போனிலும் படிக்க முடியும் யூனிகோடு முறைக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். இரண்டு, தீமில் பொத்தான்களுக்கும் தலைப்புகளுக்கும் எழுத்து இடைவெளி கொடுத்திருப்பார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது அழகு. தமிழில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். அந்த இடைவெளியைச் சுழியமாக்குங்கள். மூன்று, வரி உயரம். 1.4 என்று இருப்பதை 1.7 ஆக்குங்கள், எழுத்தளவு 17 பிக்சலுக்குக் குறைய வேண்டாம்.

பத்திகளுக்குத் தனி எழுத்துரு ஏற்றாமல் போனில் இருப்பதையே விட்டுவிடுவது எங்கள் பரிந்துரை. வேகமும் கிடைக்கும், படிப்பவருக்குப் பழகிய எழுத்தாகவும் இருக்கும். பொத்தானில் 'வண்டியில் சேர்க்கவும்' என்று மொழிபெயர்ப்புக் கோப்பில் வந்திருந்தால் 'கூடையில் போடு' என்றோ 'வாங்க' என்றோ மாற்றிவிடுங்கள். சிறிய திரையில் இரண்டு வரியாக மடங்காத சொல்லே நல்லது.

பொருளின் இணைய முகவரியையும் தமிழிலேயே வைக்கலாமா?

பெயர் தமிழில் இருக்கட்டும், முகவரி வேண்டாம். ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில் ஒன்பது எழுத்தாக மாறுகிறது. 'குத்துவிளக்கு' என்ற சொல்லில் உயிர்க்குறி, புள்ளி எல்லாம் சேர்த்து 13 குறிகள், அதாவது 117 எழுத்து. 'நாச்சியார்கோயில்-குத்துவிளக்கு' என்றால் 29 குறியும் நடுவில் ஒரு கோடும் சேர்ந்து 262. வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்துதான். அதற்கு மேல் வெட்டிவிடும், நீளமான பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரி முடிந்து பின்னால் 2, 3 என்று எண் சேரும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகளாக அரைப் பக்கத்துக்கு நீளும், பார்ப்பவர் மோசடி இணைப்பு என்று பயப்படுவார். ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்களில் வையுங்கள். ஏற்கெனவே தமிழில் இருப்பதை மாற்றினால் பழையதிலிருந்து புதியதுக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 அமைப்பையும் செய்யுங்கள்.

கடைக்குள் இருக்கும் தேடல் பெட்டியில் தேடினால் இருக்கும் பொருளே வருவதில்லை.

வேர்ட்பிரஸ்ஸின் சாதாரணத் தேடல், தட்டிய ஒவ்வொரு சொல்லும் அப்படியே எங்காவது உள்ளே இருக்கிறதா என்றுதான் பார்க்கும். இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும். பொருளின் பெயரைக் 'குத்து விளக்கு' என்று பிரித்து எழுதியிருந்தால், சேர்த்துத் தேடுபவருக்குக் கிடைக்காது. 'குத்துவிளக்கு' என்று சேர்த்து எழுதியிருந்தால் பிரித்துத் தேடுபவருக்கும் கிடைக்கும், ஏனென்றால் 'குத்து', 'விளக்கு' இரண்டும் அதற்குள் இருக்கின்றன. அதேபோல 'மாப்பிள்ளைச் சம்பா' என்று ஒற்றுப் போட்டு எழுதினால், ஒற்று இல்லாமல் தேடுபவருக்கும் வரும். ஒற்றை விட்டு எழுதினால், ஒற்றோடு தேடுபவருக்கு வராது. சரியாகத் தமிழ் எழுதுவதே இங்கே வியாபாரத்துக்கும் நல்லது.

கருப்பு, கறுப்பு, கவுனி, கவுணி, கோயில், கோவில் போன்ற வேறுபாடுகளைச் சுருக்கக் குறிப்பில் ஒரு வரியாக, 'இப்படியும் சொல்வார்கள்' என்று சேர்த்துவிடுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் ஏராளம் என்பதால் அந்த எழுத்துக்கூட்டலையும் இரண்டு மூன்று விதமாகச் சேர்க்க வேண்டும். திருபுவனம் பட்டு விற்பவர்கள் 'தஞ்சாவூர் மாவட்டம்' என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். சிவகங்கை மாவட்டத்தில் திருப்புவனம் என்ற ஊர் இருக்கிறது, தேடல் இரண்டையும் குழப்பும்.

பொருள் விவரத்தில் எவ்வளவு எழுத வேண்டும்?

போனில் கூப்பிட்டு என்ன கேட்கிறார்களோ அவ்வளவும். ஒரு வாரம் வரும் அழைப்புகளைக் குறித்து வைத்தால் விவரம் தானே எழுதப்பட்டுவிடும்.

விளக்குக்கு: உயரம் அங்குலத்திலும் சென்டிமீட்டரிலும், எடை, எத்தனை முகம், எத்தனை பாகமாகத் திருகிக் கழற்றலாம், உள்ளே பொள்ளலா கெட்டியா. நாச்சியார்கோயில் வார்ப்புக்குக் காவிரிப்படுகையின் வண்டல் மண்ணைப் பயன்படுத்துவது போன்ற செய்தியும் ஒரு வரி இருக்கலாம். ஆனால் உயரமும் எடையும் அதற்கு மேலே இருக்க வேண்டும். பராமரிப்பையும் எழுதுங்கள்: புளி தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விபூதியால் மெருகு கொடுப்பது. பித்தளை கறுப்பது இயல்பு என்று முன்பே சொல்லிவிட்டால் அது புகாராக வராது. நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு உண்டு, வெளியூர் விளக்கை அந்தப் பெயரில் விற்பது சட்டப்படி தவறு. வெளியூர் விளக்கு என்றால் ஊர்ப் பெயரைச் சொல்லியே விற்கலாம், வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

சேலைக்கு: உடல், கரை, முந்தி, ரவிக்கைத் துண்டு என நான்கு படம், ரவிக்கையோடு சேர்த்து நீளம் மீட்டரில், எடை கிராமில், ஜரிகை எந்த வகை, சுத்தப் பட்டு என்று காட்டும் சில்க் மார்க் முத்திரை உண்டா. நிறத்துக்கு மாம்பழம், அரக்கு, மயில்கழுத்து, கிளிப்பச்சை என்ற பெயர்களையே வடிகட்டும் பட்டியலிலும் வையுங்கள். சேலை வாங்குபவர் மனதில் நினைப்பது அந்தச் சொற்களைத்தான்.

அரிசிக்கு: பச்சரிசியா புழுங்கலா, தவிடு நீக்கியதா, எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எதற்கு ஏற்றது. கருப்பு கவுனியை இரவே ஊறப்போடச் சொல்லாவிட்டால் 'வேகவே இல்லை' என்று அழைப்பு வரும். தவிட்டோடு இருக்கும் அரிசி சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும், வண்டும் வரும். நெல்லாகவே வைத்திருந்து ஆர்டர் சேரச் சேர அரைப்பதும், பக்கத்தில் 'அரைத்த மாதம்' என்று காட்டுவதும் நல்ல வழி. 1, 5, 10 கிலோ என்று ஒரே பொருளில் பிரிவுகள் வைத்தால் ஒவ்வொரு பிரிவுக்கும் எடையைத் தனியாகப் போடுங்கள். போடாவிட்டால் 10 கிலோவுக்கும் 1 கிலோ டெலிவரிக் கட்டணம்தான் வரும்.

செக்அவுட்டில் எந்தக் கட்டங்கள் வேண்டும்?

பெயர், போன், கதவு எண்ணும் தெருவும், கிராமம் அல்லது ஊர், அருகில் உள்ள அடையாளம், பின்கோடு, மாவட்டம், மாநிலம். கம்பெனி பெயர் வேண்டாம். 'லாஸ்ட் நேம்' என்பதன் பெயரை 'இனிஷியல்' என்று மாற்றி, கட்டாயம் இல்லை என்று வையுங்கள். அடையாளக் கட்டம் டெல்டா கிராமங்களுக்கு மிகவும் தேவை. கீழத்தெரு, மேலத்தெரு, அக்ரஹாரம் எல்லா ஊரிலும் உண்டு. 'மாரியம்மன் கோயில் எதிரில்' என்ற ஒரு வரிதான் பார்சலைக் கொண்டு சேர்க்கும்.

போன் எண்ணுக்குப் பத்து இலக்கம் என்று கட்டுப்பாடு போடும்போது, முன்னால் 91 அல்லது சுழியம் சேர்த்துத் தட்டுபவர்களைத் தடுக்காமல் அதை வெட்டிவிட்டு ஏற்றுக்கொள்ளும்படி செய்யுங்கள்.

இணையத்தில் கிடைத்த நிரல் வரிகளை (கோடு) ஒட்டினேன். செக்அவுட் மாறவே இல்லை, அல்லது அப்டேட் வந்ததும் போய்விட்டது. ஏன்?

இரண்டும் வேறு வேறு நோய். 2023 நவம்பரில் வந்த 8.3 பதிப்பிலிருந்து புதிய வூகாமர்ஸ் கடைகளில் கூடையும் செக்அவுட்டும் பிளாக் வடிவில் (எடிட்டரில் கட்டம் கட்டமாகத் திருத்தும் முறை) வருகின்றன. அதற்கு முன் எழுதப்பட்ட கோடு பெரும்பாலும் பழைய ஷார்ட்கோடு (சதுர அடைப்புக்குறிக்குள் வரும் குறிச்சொல்) வடிவத்துக்கானது, பிளாக் வடிவில் அது வேலை செய்யாது, பிழையும் காட்டாது. பக்கத்தை எடிட்டரில் திறந்து எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிளாக் என்றால் கம்பெனி பெயர், இரண்டாம் முகவரி வரி, போன் ஆகியவற்றை அந்தப் பிளாக்கின் அமைப்பிலேயே மறைக்கலாம், கட்டாயமாக்கலாம்.

அப்டேட்டில் போய்விட்டது என்றால் தீமின் சொந்தக் கோப்பில் எழுதியிருக்கிறீர்கள். தாய் தீமைச் சார்ந்து ஓடும் சைல்ட் தீம் ஒன்று உண்டாக்கி அதில் எழுதுங்கள். அதற்குத் தேவை ஒரு ஃபோல்டரும், தாய் தீமின் ஃபோல்டர் பெயரைக் குறிப்பிடும் ஒரு ஸ்டைல் கோப்பும்தான். வூகாமர்ஸின் டெம்ப்ளேட் கோப்பை நகலெடுத்து மாற்றுவது கடைசி வழி. மூலக்கோப்பு புதுப்பிக்கப்படும்போது உங்கள் நகல் பழையதாகி, ஒரு நாள் விலையோ பொத்தானோ காணாமல் போகும். ஏற்கெனவே அப்படிச் செய்திருந்தால் வூகாமர்ஸின் ஸ்டேட்டஸ் பக்கத்தின் அடியில் எந்தெந்த நகல் பழையது என்று பட்டியல் இருக்கும், மாதம் ஒருமுறை பாருங்கள்.

வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டார், கடையில் ஆர்டர் ரத்து என்று காட்டுகிறது!

சிறிய கடைகளின் பெயரைக் கெடுக்கும் தவறு இதுதான். நடப்பது இது: செக்அவுட்டிலிருந்து யுபிஐ செயலிக்குப் போகிறார், பணம் கட்டுகிறார், 'வெற்றி' என்று பார்த்ததும் அங்கேயே மூடிவிடுகிறார். உங்கள் கடைப் பக்கத்துக்குத் திரும்பி வருவதில்லை. திரும்பி வந்தால்தான் பணம் வந்தது என்று தெரிந்துகொள்ளும்படி கடை அமைக்கப்பட்டிருந்தால், ஆர்டர் 'பணம் நிலுவை' என்றே நிற்கும். வூகாமர்ஸில் பணம் வராத ஆர்டருக்குச் சரக்கைப் பிடித்து வைக்கும் நேரம் இயல்பாக 60 நிமிடம். அது முடிந்ததும் ஆர்டர் தானே ரத்தாகிவிடும்.

தீர்வு வெப்ஹூக். பணம் வசூலிக்கும் கேட்வேயின் டாஷ்போர்டில், பணம் சேர்ந்ததும் உங்கள் கடைக்கு நேரடியாகச் செய்தி அனுப்பும் முகவரியைப் பதிய வேண்டும். ப்ளகினின் அமைப்புப் பக்கத்தில் அந்த முகவரியும் ரகசியச் சொல்லும் இருக்கும். இரண்டு பக்கமும் ரகசியச் சொல் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு ஒரு ரூபாய் பொருள் ஒன்றை மறைவாக வைத்து, யுபிஐயில் கட்டி, வேண்டுமென்றே கடைக்குத் திரும்பாமல் மூடிப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் ஆர்டர் நிலை மாறினால் சரி. மாறாவிட்டால் பாதுகாப்பு ப்ளகின் அந்தச் செய்தியைத் தடுக்கிறதா என்று பாருங்கள். சரியாகும்வரை அந்த 60 நிமிடத்தை 1440 ஆக்கி, தினமும் கேட்வே கணக்கையும் கடைக் கணக்கையும் ஒத்துப் பாருங்கள்.

கேஷ் ஆன் டெலிவரி கொடுக்கலாமா?

தொகைக்கு ஒரு உச்சவரம்பு வைத்துக் கொடுக்கலாம். வாங்க மறுத்தால் போகவும் வரவும் கூரியர் செலவு உங்களுடையது. போனில் உறுதி செய்த பிறகே அனுப்புங்கள். அளவு சொல்லிச் செய்யும் விளக்குக்கும் அரைத்துத் தரும் அரிசிக்கும் முன்பணம் இல்லாமல் வேண்டாம்.

டெலிவரி மண்டலங்களை எப்படிப் பிரிப்பது?

உள்ளூர், தமிழ்நாடு, வெளிமாநிலம் என்று மூன்று போதும். பட்டியலில் மேலே இருக்கும் மண்டலம்தான் முதலில் பொருந்தும் என்பதால் சிறியதை மேலே வையுங்கள். பின்கோடு முன்னொட்டைப் போட்டு நட்சத்திரக் குறி வைக்கலாம்: கும்பகோணத்துக்கு 612, தஞ்சாவூருக்கு 613, மன்னார்குடி பக்கத்துக்கு 614, திருவாரூருக்கு 610, நாகப்பட்டினத்துக்கு 611.

609-இல் மட்டும் கவனம். மயிலாடுதுறை 609001, காரைக்கால் 609602. முன்னொட்டு ஒன்றுதான், ஆனால் காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம். கூரியர் தூரம் பக்கம்தான், வரிக் கணக்கில் அது வேறு மாநிலம், வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி வரும். எனவே கட்டணம் பின்கோடுப்படி, வரி மாநிலப்படி என்று தனித்தனியாக அமைக்க வேண்டும். காரைக்கால்காரர் மாநிலக் கட்டத்தில் பழக்கத்தில் தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்தால் பில் தவறாகிவிடும். 6096 என்று தொடங்கினால் மாநிலத்தைச் சரிபார்க்கச் சொல்லும் ஒரு வரி எச்சரிக்கை வையுங்கள்.

4.5 கிலோ விளக்குக்குக் கூரியர் 8 கிலோவுக்குக் கேட்கிறது. சரியா?

சரியாகத்தான் இருக்கும். கூரியர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5000-ஆல் வகுத்து வரும் கிலோவை உண்மை எடையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்கு வாங்குகின்றன. விளக்கை முழுதாக 45×30×30 பெட்டியில் வைத்தால் 40,500, வகுத்தால் 8.1 கிலோ. அதே விளக்கின் பாதம், தண்டு, தட்டு, அன்னம் நான்கையும் திருகிக் கழற்றி 32×25×18 பெட்டியில் வைத்தால் 2.88 கிலோதான் வரும். அப்போது உண்மை எடையான ஐந்து கிலோ சொச்சத்துக்கே கட்டணம். ஏறத்தாழ மூன்று கிலோ மிச்சம்.

கழற்றிய பாகங்களைப் பேக் செய்யும் முறை: முதலில் மை இல்லாத பழுப்புத் தாள், அதன்மேல் பபிள் ரேப். பழைய செய்தித்தாளை நேராகச் சுற்றினால் மை பித்தளையில் ஒட்டும். திருகு மரைகளுக்குத் துணித்துண்டு சுற்றுங்கள், அவை நசுங்கினால் விளக்கு நேராக நிற்காது. பாதத்தைப் பெட்டியின் அடியில் நடுவே வைத்து, எல்லாப் பக்கமும் நான்கு சென்டிமீட்டராவது இடைவெளி விட்டு இறுக்கமாக நிரப்புங்கள். ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி. மூடியபின் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. பிறகு இடுப்பு உயரத்திலிருந்து ஒரு மூலை கீழே படும்படி போட்டுப் பாருங்கள். நீங்கள் போடத் தயங்கும் பெட்டி கூரியர் கிடங்குக்கும் தாங்காது.

நம் பக்கம் வைக்கோல் சும்மா கிடைக்கிறதே என்று நிரப்பாதீர்கள். ஈரம் வைத்திருந்து பித்தளையைக் கறுக்க வைக்கும், பூச்சியும் வரும். வெளிநாட்டுப் பார்சலில் தாவரத் தடைவிதியில் மாட்டும்.

பாகங்களைப் பூட்டும் வரிசையைப் படத்தோடு ஒரு அட்டையில் அச்சடித்து உள்ளே வையுங்கள். தலையாட்டி பொம்மைக்கும் அதே அட்டை வேண்டும்.

எவ்வளவு ரூபாய்க்கு மேல் இலவச டெலிவரி கொடுக்கலாம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரி ஆர்டர் 780 ரூபாய், லாபம் 30 சதவீதம், டெலிவரி 90 ரூபாயை வாடிக்கையாளர் கட்டுகிறார் என்றால் உங்களுக்கு நிற்பது 234. 'ரூ.999-க்கு இலவசம்' என்றால் லாபம் சுமார் 300, டெலிவரி 90 போக 210. கூடுதலாக விற்று 24 ரூபாய் குறைவாகச் சம்பாதிக்கிறீர்கள். 1,080 என்று வைத்தால் 324-இல் 90 போக 234, அங்கேதான் சமமாகிறது. உங்கள் எண்களைப் போட்டு அந்தச் சமப்புள்ளியைக் கண்டு, அதற்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். அரிசிக்கு இதைச் சேர்க்காதீர்கள், எடை லாபத்தைத் தின்றுவிடும்.

ஜிஎஸ்டி பதிவு கட்டாயமா?

சரக்கு விற்பனைக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்பது மாநிலத்துக்குள்ளேயே விற்பவர்களுக்கு. வெளிமாநிலத்துக்கு வரி உள்ள ஒரு பொருளை அனுப்பினாலே பதிவு வேண்டும். கும்பகோணத்திலிருந்து பெங்களூருக்கும் சரி, காரைக்காலுக்கும் சரி. அரசு அறிவித்த கைவினைப் பொருள் பட்டியலில் உள்ளவற்றுக்கு 20 லட்சம் வரை விலக்கு உண்டு, ஆனால் பான் எண்ணும், சரக்கை அனுப்புவதற்கான மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் தேவை. உங்கள் பொருள் பட்டியலில் இருக்கிறதா என்று கணக்காளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அரிசி விற்பவர்களுக்கு: 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பேக் செய்து லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையுள்ள பைகளுக்கு 5 சதவீத வரி உண்டு.

பதிவு இல்லாதவர்கள் மண்டலப் பட்டியலில் வெளிமாநிலத்தை எடுத்துவிடுங்கள். ஆர்டர் வந்தபின் மறுப்பதைவிட இது மரியாதை.

கடையில் கட்டாயம் காட்ட வேண்டியவை என்ன?

பேக் செய்த பொருளுக்குத் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, எந்த நாட்டில் தயாரித்தது, புகார்த் தொடர்பு. உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண் பாக்கெட்டிலும் பில்லிலும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலரின் பெயர், பதவி, தொடர்பு விவரம் கடையில் இருக்க வேண்டும். குடும்பக் கடையில் அது நீங்களாகவே இருக்கலாம். புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புதல், ஒரு மாதத்துக்குள் தீர்வு. ஒப்புதல் பெட்டிகளில் முன்கூட்டியே டிக் போட்டு வைப்பதும் அதே விதிகளில் தடை.

ஆர்டர் மெயில் போய்ச் சேருவதில்லை.

ஹோஸ்டிங்கிலிருந்து நேராக அனுப்பாமல் எஸ்எம்டிபி என்ற தனி மெயில் சேவை வழியாக அனுப்பி, மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளை டொமைனில் (கடையின் இணையப் பெயரில்) சேருங்கள். நம் வாடிக்கையாளர்கள் மெயிலைவிட வாட்ஸ்அப்பைத்தான் பார்க்கிறார்கள். அனுப்பிய அன்றே பெட்டியின் படமும் டிராக்கிங் எண்ணும் அதில் போனால் 'எங்கே வருகிறது' என்ற அழைப்புகள் குறையும்.

எந்த நேரத்தில் மாற்றங்களைச் செய்யலாம்?

பொம்மைக்கு நவராத்திரி, விளக்குக்குக் கார்த்திகை, பட்டுக்கு முகூர்த்த மாதங்கள். உங்கள் பருவத்துக்கு மூன்று வாரம் முன்பிருந்து எந்த அப்டேட்டும் வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம் என்பதால் பெட்டிக்குள் ஒரு பாலிதீன் உறை கட்டாயம், அட்டை ஈரம் குடித்தால் பலம் போய்விடும். கடைசி ஆர்டர் தேதியை முகப்பில் பெரிதாகப் போடுங்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது போன்ற நேரங்களில் டெலிவரி எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போது உடனே தட்டிப் போட வசதியாக ஒரு அறிவிப்புப் பட்டையை முன்பே தயாராக வைத்திருங்கள்.

மாற்றங்களை முதலில் ஸ்டேஜிங் நகலில், அதாவது வாடிக்கையாளர் பார்க்காத சோதனைக் கடையில், செய்யுங்கள். மின்வாரியத்தின் மாதப் பராமரிப்பு நாளில் தொடங்க வேண்டாம். பேக்கப்பில் டேட்டாபேஸும் கோப்புகளும் இரண்டும் இருக்க வேண்டும், ஹோஸ்டிங்குக்கு வெளியேயும் ஒரு பிரதி வேண்டும். அதை ஸ்டேஜிங்கில் ஒருமுறை மீட்டெடுத்துப் பாருங்கள். உண்மையான கடையில் மீட்டெடுக்க நேர்ந்தால், பேக்கப் எடுத்த பிறகு வந்த ஆர்டர்கள் அழிந்துவிடும். மீட்டெடுக்கும் பொத்தானைத் தொடுவதற்கு முன் அந்த ஆர்டர்களை எக்செல் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடை திறக்கவே இல்லை என்றால் கேட்வே டாஷ்போர்டிலிருந்து பணம் வந்தவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு முகவரி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.